யாருடைய குரலைக் கேட்டுப் படித்தது?

காணிக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. தட்டச்சு செய்யாமல் கைபேசியில் வாயால் சொல்லி எழுதினேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, "வாப்பாட காணி உறுதி" என்று நிதானமாகச் சொன்னால் "பாப்பா காணி உறுதி" என்று விழுகிறது. "எனது தந்தையின் காணி உறுதி" என்று வானொலியில் செய்தி வாசிப்பவர் போலச் சொன்னால் ஓர் எழுத்தும் பிசகுவதில்லை. இத்தனைக்கும் நான் தெரிவு செய்திருந்தது இலங்கைத் தமிழ். எங்கள் கிண்ணியாவில் வீட்டுக்கு வீடு பேசுகிற பேச்சுப் புரியாத இந்தக் காது, யாருடைய குரலைக் கேட்டுப் படித்தது? அதைத் தேடத் தொடங்கினேன்.

தேடலில் முதலில் எதிர்ப்பட்டவர் நம் பக்கத்துக்காரர். சித்தூர் மாவட்டத்தில் பிறந்து, சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆய்வை வளர்த்தெடுத்தவர். 1994இல் டூரிங் விருது பெற்றார். 1976இல் அங்கே உருவான 'ஹார்ப்பி' 1,011 சொற்களை அடையாளம் கண்டது.

அதே இடத்தில் படித்த ஜேம்ஸ் பேக்கரின் 1975ஆம் ஆண்டு ஆய்வில்தான் என் கேள்விக்கு விடை தேடும் தடம் இருந்தது. காதில் விழுந்த ஒலிக்கு எந்தச் சொல் பொருந்தக்கூடும், முன்னால் வந்த சொல்லை அடுத்து எது வரக்கூடும் என்று இரண்டையும் சேர்த்து, முன்பு கேட்டுப் பழகிய பேச்சைக் கொண்டு நிகழ்தகவுக் கணக்குப் போடும் முறை அது. அவரும் மனைவி ஜேனட்டும் 1982இல் தொடங்கிய டிராகன் சிஸ்டம்ஸ் 1990இல் வெளியிட்ட மென்பொருளில், ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நிறுத்தாமல் பேசி எழுதும் வசதி 1997இல் வந்தது. பின்னர் நுட்பங்கள் எவ்வளவோ மாறின. கேட்டுப் பழகியதை எதிர்பார்க்கும் குணம் மட்டும் மாறவில்லை. 'பாப்பா' அதற்கு நன்றாகப் பழகிய சொல். 'வாப்பாட' அதன் காதில் விழுந்திருந்தால்தானே!

தமிழுக்குக் கூகுள், வாயால் சொல்லி எழுதும் இந்த வசதியைத் தந்தது 2017 ஓகஸ்டில். அன்று சேர்த்த 30 மொழி வகைகளில் இலங்கைத் தமிழும் ஒன்று. அந்தந்த மொழி பேசுபவர்களைப் பொதுவான சொற்றொடர்களை வாசிக்கச் சொல்லிக் குரல் சேகரித்தார்கள். நான் பாவிக்கும் செயலி வேறு. ஆனாலும் இங்கே யோசிக்க வேண்டியது 'வாசிக்க' என்பதைத்தான். எழுதியதை வாசிக்கும்போது எங்களில் யார் வீட்டில் பேசுவதுபோல் பேசுகிறோம்?

சொல்லச் சொல்ல எழுதுவது எங்களுக்குப் புதிதல்ல. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன், எங்கள் மூத்தவர்கள் பாதைப் படகில் ஏறி அக்கரை போய், திருகோணமலையில் பெட்டிசம் எழுதுபவரின் முன்னால் குந்தியிருந்து கதை சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா சிங்கப்பூரில் இருந்தபடி வடிவமைத்த தமிழ்த் தட்டச்சு முறைதான், பெட்டிசம் தட்டும் விரல்களுக்கு வேகத்தைத் தந்தது. "வாப்பாட காணிய அவங்க புடிச்சிட்டாங்க" என்று மூத்தவர் சொல்ல, "எனது தந்தையாருக்கு உரித்தான காணியை" என்று பெட்டிசம் எழுதுபவர் தட்டுவார். அவரும் மாற்றித்தான் எழுதினார். ஆனால் வாப்பா யார், காணி எது, அழுகை எதற்கு என்றெல்லாம் கேட்டறிந்து மாற்றினார்.

எங்கள் பேச்சையும் கருவியின் காதில் விழவைக்க ஒரு வழி உண்டு. மொசில்லா நடத்தும் காமன் வாய்ஸ் என்ற குரல் சேகரிப்புத் திட்டத்தில் தமிழும் இருக்கிறது. யாரும் குரல் பதியலாம். அந்தத் தரவை யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம். வாசிப்பதற்கான வாக்கியங்களையும் நாமே சேர்க்கலாம் என்று தெரிந்ததும் நானும் ராத்தாவும் உட்கார்ந்துவிட்டோம். "கடலுக்குப் போன ஆக்கள் இன்னும் வரல்ல", "நோம்பு திறக்கப் பள்ளிக்குப் போறன்" என்று கொப்பி நிறைகிறது. 'இரிக்கி'யா 'இருக்கு'வா என்று ராத்தாவோடு தினமும் வழக்கு. இரண்டும் போகட்டும் என்கிறேன்.

எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படும் மூத்தம்மாமாருக்கு ராத்தா வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்கிறாள். அவர்கள் திருப்பிச் சொல்வதை நான் பதிகிறேன். தட்டச்சே தெரியாத அவர்களுக்குத்தான் இந்தக் கருவி முதலில் உதவியிருக்க வேண்டும்.