நாலு மணிப் பசி

மகனும் மருமகளும் வேலை முடிந்து வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிறது. பள்ளி விட்டதிலிருந்து அதுவரை பேரப்பிள்ளைகள் தாத்தா, ஆயா கையில்தான். என் வீட்டில் மட்டுமல்ல, இதைப் படிக்கும் பலர் வீட்டிலும் இதே கதைதான். அந்த நேரத்தில் பிள்ளை என்ன தின்கிறது, எவ்வளவு ஓடுகிறது என்பது நம் பொறுப்பு.

என் பேரனுக்கு ஒன்பது வயது. உயரத்துக்கு மீறிய எடை என்று போன வருடம் டாக்டர் சொன்னார். மருந்து எழுதவில்லை. "தீனியைக் குறையுங்கள், தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட விடுங்கள்" என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கும் அதேதான்: 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம். எடையைவிட என்னை உறுத்தியது வேறு. பையன்கள் கேலி செய்கிறார்கள் என்று விளையாட்டு பீரியடில் இவன் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறானாம்.

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்கு 'கூத்தே' என்ற சொல் தெரியும். நம் கூத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரான்சில் பிள்ளைகள் நாலு மணி வாக்கில் தின்னும் சிறு தீனி அது. ரொட்டி, பழம், கொஞ்சம் சாக்லேட். உட்கார்ந்து ஒரு தடவை தின்றால், அடுத்தது ராத்திரிச் சாப்பாடுதான்.

அதையே எங்கள் வீட்டில் வைத்தோம். சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, வாழைப்பழம், இதில் ஏதாவது ஒன்று. தாகத்துக்குத் தண்ணீர். என் மனைவிக்குத்தான் கஷ்டம். "புள்ள கேட்டா இல்லேன்னு எப்படிங்க சொல்றது?" என்றாள். கடைசியில் எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று முடிவானது. அவனுக்குச் சுண்டல், எனக்கு மிக்சர் என்பது கிடையாது. முறுக்கு டப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும்.

வடக்கு பிரான்சில் ஃப்ளெர்பே, லவாந்தி என்று இரண்டு சிற்றூர்கள். அங்கே 1992-இல் பள்ளிகளில் சத்துணவுப் பாடம் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு விவரம் தெரிந்தது, ஆனால் எடை ஏறுவது நிற்கவில்லை. பிறகு பெற்றோர், டாக்டர்கள், கடைக்காரர்கள், விளையாட்டுச் சங்கங்கள் என்று ஊரே சேர்ந்துகொண்டது. 2004-இல் அங்கே அதிக எடையுள்ள பிள்ளைகள் 100-க்கு 9 பேர். ஒப்பிட்டுப் பார்த்த ஊர்களில் 18 பேர். பிள்ளைக்குப் புத்தி சொன்னால் மட்டும் போதாது, சுற்றியிருப்பவர்களும் மாற வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஓடியாட நம் புதுச்சேரியில் இடத்துக்குக் குறைவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடுவதில்லை. 'நடைப்பயிற்சி' என்று கூப்பிட்டால் பேரன் நகரமாட்டான். "அடுத்த விளக்குக் கம்பத்தை யார் முதலில் தொடுவது?" என்றால் பறக்கிறான். காந்தி சிலையிலிருந்து துப்ளே சிலை வரை அவன் ஓட, நான் பின்னால் நடக்கிறேன். என் சர்க்கரைக்கும் நல்லது.

தினமும் எடை பார்ப்பதில்லை. 'குண்டு' என்ற சொல் வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது. இப்போது பள்ளியில் கபடிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். எங்கள் வீட்டுக்கு வரும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பிஸ்கட் பாக்கெட் வேண்டாம், ஒரு சீப்பு வாழைப்பழம் போதும்.