சங்கடத்தில் ஒரு பிரயாணம்

எங்கள் சோழவந்தான் ஆற்றங்கரை ஊர். ஆனால் அங்கே தோணி கிடையாது. இதைச் சொன்னால் தஞ்சாவூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வைகையைப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். பாலம் வருவதற்கு முன்பு தென்கரைக்குப் போகிறவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் நடந்தே போனார்கள். வெள்ளம் வந்தால் வடிகிறவரை இந்தக் கரையிலேயே வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலைக்கு எங்கள் ஊரில் என்றைக்குமே பஞ்சமில்லை. 2023ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்திருக்கிறது.

வைகைக்கு இன்னொரு குணமும் உண்டு. மற்ற ஆறுகளெல்லாம் கடலைத் தேடி ஓடும். வைகைத் தண்ணீர் பெரும்பாலான வருஷங்களில் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். பரமசிவனுக்கு நஞ்சைக் கொடுத்த கடலின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று வைகை கோபித்துக்கொண்டதாகப் பழைய புலவர் ஒருவர் கற்பனை செய்திருக்கிறார். கற்பனை அழகுதான். ஆனால் அதனால் ஒரு நஷ்டம்: ஆறு எப்படி முடிகிறது என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் பார்ப்பதற்கே வழியில்லாமல் போய்விட்டது.

என் தகப்பனாரும் பார்த்ததில்லை. அவருக்கு வயது எழுபத்தெட்டு. பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் நெல் விளைவித்தவர். பெரியாறு மேற்கே ஓடப் பிறந்த ஆறு. அதன் குறுக்கே பென்னி குயிக் அணை கட்டி, மலையைக் குடைந்து, 1895ல் தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்டார். அது வைகையில் கலந்து, எங்கள் ஊருக்கு மேலே பேரணையில் கால்வாயாகப் பிரிகிறது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையில் சுமார் 45,000 ஏக்கர் இருபோகம் அந்தக் கால்வாயை நம்பியது. மற்றவர்கள் தங்கள் குழந்தைகளின் நட்சத்திரத்தை நினைவு வைத்திருப்பதுபோல, அப்பா அணையின் நீர்மட்டத்தை நினைவு வைத்திருப்பார். 1979க்குப் பிறகு 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்கியது, 2006லும் 2014லும் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்னது, எல்லாம் தலைகீழ்ப் பாடம். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே வாக்கியத்தில் வந்து முடியும்: "மிச்சத் தண்ணியெல்லாம் சும்மா கடலுக்குப் போகுதுடா!"

சென்ற காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு குருவாயூர் புறப்பட்டோம். அப்பா, அம்மா, நாங்கள் நாலு பேர், தங்கை, மாப்பிள்ளை, அவர்கள் குழந்தைகள் இரண்டு. ஒரு வேன் அமர்த்திக்கொண்டோம். வெளிநாட்டார் வண்டியையே வீடாகக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். அதற்குக் காரவான் என்று பெயர். நாம் அப்படியில்லை. வீட்டையே பெயர்த்து வண்டியில் ஏற்றிவிடுகிறோம். ஸ்டவ், இட்லிச் சட்டி, அரிசி மூட்டை, புளிக்காய்ச்சல், ஊறுகாய் ஜாடி, மடக்குக் கட்டில் எல்லாம் ஏறிய பிறகு மனிதர்களுக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்போம். வழியில் புளியமரத்தடியில் அடுப்பு மூட்டினால் அதுதான் நம் காரவான்.

கம்பத்தைத் தாண்டி லோயர் கேம்ப்பில், 2013ல் திறந்த பென்னி குயிக் மணிமண்டபத்தில், அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். மலை மேலிருந்து மின்சார நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டி, "நாம திங்கிற சோறு இது வழியாத்தான் வருது" என்றார். பிறகு குமுளி, கோட்டயம், ஆலப்புழை. ஃபோர்ட் கொச்சிக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம்.

அங்கிருந்து எதிர்க்கரையான வைப்பின் தீவுக்கு எர்ணாகுளம் வழியாகப் பாலங்களில் சுற்றிக்கொண்டும் போகலாம். வண்டியோடு படகில் ஏறினால் சில நிமிஷத்தில் போய்விடலாம் என்றார் டிரைவர். அந்தப் படகை ஜங்கார் என்கிறார்கள். இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை பரப்பினால் மலையாளத்தில் அதற்குச் சங்காடம் என்று பெயர்; நம் தமிழ் அகராதியிலும் சங்கடம் என்றே இருக்கிறது. இந்தப் பாண்டித்தியத்தை நான் வெளியிட்ட நேரம் சரியில்லை.

"சங்கடத்துல ஏறணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?" என்றாள் அம்மா. "சுத்து வழியிலேயே போகச் சொல்லுங்க."

2015 ஆகஸ்டில் இதே இடத்தில் மீன்பிடிப் படகு மோதிப் பிரயாணிகள் படகு மூழ்கி 11 பேர் இறந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. இப்போது ஓடுபவை 2018ல் வந்த சேது சாகர் என்ற இரும்புக் கலங்கள். கொச்சி கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டியவை. லாரியே ஏறுகிறது என்று மாப்பிள்ளை காட்டிய பிறகு அம்மா சம்மதித்தாள். சேது என்ற பெயரும் கொஞ்சம் உதவி செய்தது.

வரிசை நீளமாக இருந்தது. பக்கத்தில் சீன வலைகள் பெரிய கொக்குகளைப்போல் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. எங்கள் வேனை ஒட்டி ஸ்கூட்டரில் நின்றிருந்தவருக்கு அறுபது வயது இருக்கும். திருப்பூரில் பல வருஷம் வேலை பார்த்தவராம். தமிழ் நன்றாகப் பேசினார். ஆலுவாவுக்குக் கிட்டே வீடு. அப்பா ஆற்றைப் பற்றி விசாரித்தார்.

"இது கடலுங்க, காயலுங்க, எல்லாம்தான். பெரியாறு ஆலுவாவிலே ரெண்டாப் பிரியும். ஒரு கிளை இந்தக் காயலுக்குத்தான் வருது" என்றார் அவர்.

அப்பா வேனிலிருந்து இறங்கிவிட்டார்.

கலம் வந்து இரும்புப் பலகையைக் கரையில் இறக்கியது. லாரி, கார், எங்கள் வேன், ஸ்கூட்டர்கள் எல்லாம் ஏறின. அதற்கு முன்புறம் பின்புறம் என்று கிடையாது. இரண்டு பக்கமும் வாசல்; எந்தக் கரையைப் பார்த்துப் போகிறதோ அதுவே முன்புறம். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது கை பக்கம் காயல், இடது கை பக்கம் கடல். நடுவிலே ஆகாயத்தாமரைக் கொத்துக்கள், வேரும் இலையுமாக, வரிசை வரிசையாகக் கடலைப் பார்த்து மிதந்து போயின. 1341ல் பெரியாறு பெருவெள்ளமாக வந்து பழைய முசிறித் துறையைத் தூர்த்து இந்த வாயைத் திறந்துவிட்டது என்று சரித்திரக்காரர்கள் சொல்வார்கள். பிறகு பிரிஸ்டோ என்ற இஞ்சினீயர் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி ஆழமாக்கியதில், 1928ல் பத்மா என்ற கப்பல் உள்ளே நுழைந்தது. ஆறு திறந்த கதவில்தான் துறைமுகமே பிழைக்கிறது.

"எங்க தண்ணி" என்றார் அப்பா மெதுவாக.

ஸ்கூட்டர்க்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "2018 ஆகஸ்டிலே எங்க வீட்டுக்குள்ள வந்ததும் இதே தண்ணிதாங்க. மாடியிலே நின்னோம். படகு வந்து இறக்கிச்சு. அதிலிருந்து மழை பெஞ்சா மேல மலையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்போம்."

"அணை உறுதியா இருக்குன்னு கோர்ட்டே சொல்லிருச்சே, தம்பி."

"சொல்லிச்சுங்க. ராத்திரி தூக்கம் வர்றதுக்குக் கோர்ட்டு சொன்னாப் போதுமாங்க?"

"கால்வாய் காஞ்சு கிடந்தா எங்களுக்கும் தூக்கம் வராது."

அவர் தலையாட்டினார். இருவரும் சிறிது நேரம் தண்ணீரைப் பார்த்தார்கள். அப்பா தம் பழைய வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றிக் கேட்டார்: "ஆனா, இவ்வளவும் சும்மாதானே கடலுக்குப் போகுது?"

"சும்மா போகலீங்க. கோடையிலே மேலேருந்து தண்ணி குறைஞ்சா கடல் உள்ளே ஏறும். குடிக்கிற தண்ணி உப்பாயிரும். குறுக்கே மண்ணைக் கொட்டித் தடுப்பாங்க. ஆறு கடலைத் தள்ளிக்கிட்டே இருக்கணும். இல்லாட்டிக் கடல் நம்மளைத் தள்ளிரும்."

இதற்குள் வைப்பின் கரை வந்துவிட்டது. சங்கிலி கலகலத்தது. அவர், "வரட்டுங்களா ஐயா" என்று சொல்லி ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டார். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மா கண்ணைத் திறந்து, கரை வந்தது தெரிந்ததும் அனைவருக்கும் முறுக்கு எடுத்துக் கொடுத்தாள்.

அப்பா வெகுதூரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னிடம், "நமக்குத் தண்ணி வேணும்டா. அதுல மாத்தமில்ல" என்றார். நான், "ஆமாப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது? காய்ந்த வயலும் பொய்யில்லை; மாடியில் நின்ற ராத்திரியும் பொய்யில்லை. ஒரே ஆற்றின் தலைமாட்டில் ஒரு பயம், கால்மாட்டில் ஒரு பயம். இந்த இரண்டு பேரும் ஒரே பலகையில் நின்று பேசிக்கொள்ள அந்தச் சில நிமிஷம்தான் கிடைத்தது. அதுகூடக் கிடைக்காமலேயே இரு கரையிலும் அநேகர் ஆயுள் முழுவதும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஊர் திரும்பிய பிறகும் அப்பா டீக்கடையில் நீர்மட்டம் விசாரிக்கிறார். 142 அடி என்ற கணக்கில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதில்லை. "மிச்சத் தண்ணி கடலுக்குப் போகுதுடா" என்று இன்றைக்கும் சொல்கிறார். கவனித்துக் கேட்டேன். 'சும்மா' என்ற சொல் மட்டும் அதில் இல்லை.