தகரம் அடித்த வீடு

2020 ஏப்ரல் 25 ஞாபகம் இருக்கா? கொரோனாவுக்காக மறுநாளிலிருந்து சென்னை, கோவை, மதுரையில் 4 நாள் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு. கூட்டம் கூடாதீர்கள் என்று போட்ட உத்தரவே ஊரைத் திரட்டிக் காய்கறிக் கடை வாசலில் நிறுத்தியது. கடை நேரத்தை மதியம் 3 மணி வரை நீட்டினார்கள். நானும் பையோடு நின்றவன்தான். கிடைத்தது 2 கிலோ வெங்காயமும் வாடிய முருங்கைக்காயும். பத்தே நாளில் கோயம்பேடு சந்தையையே மூடினார்கள்.

ஜூனில் பயம் வேறு மாதிரி. எங்கள் தெருவிலும் காய்ச்சல் முகாம் போட்டார்கள். மூக்கில் குச்சி விடுவதற்கு யாரும் அஞ்சவில்லை. ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் வாசலில் தகரம் அடிப்பார்கள், நோட்டீஸ் ஒட்டுவார்கள், பால்காரர்கூட அடுத்த வீட்டோடு திரும்பிவிடுவார். எதிர்வீட்டு அக்கா நாலு நாளாகப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, “சூடுதான் தம்பி, வெயில் அப்படி” என்றார்.

ஜனங்களுக்கு விழிப்புணர்வே இல்லை என்று டிவியில் திட்டிக்கொண்டிருந்தார்கள். நிறையவே இருந்தது ஐயா, அந்தத் தகரத்தைப் பற்றி!

பாலும் அரிசியும் நாங்கள் வாசலில் வைக்கிறோம் என்று தெருப் பையன்கள் சொன்ன பிறகுதான் அக்கா முகாமுக்குப் போனார்.