97-ஆம் நாள்

எதிர்த்தரப்பு மனுவுக்குப் பதிலாகத் தயாரித்த கவுன்டரில் ‘ஸ்ட்ரிக்ட்லி’ என்ற சொல்லை நான் மூன்று இடத்தில் போட்டிருந்தேன். தட்டச்சு செய்த குமாஸ்தாவே, “ஒரு இடத்துல இருந்தா போதாதா சார்?” என்று கேட்டார். போதாது என்றேன். அந்த வழக்கில் என் கட்சிக்காரருக்கு இருந்த பலமே அந்த ஒரு சொல்தான் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

உத்திரமேரூருக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஏரிப் பாசனக் கிராமம். என் கட்சிக்காரர் புதிதாக வாங்கிய நிலத்தின் ஓரமாக ஒரு வண்டிப்பாதை போயிற்று. அதற்கப்பால் ஒரு ஏக்கர் வைத்திருந்த பெரியவர் அந்த வழியாகத்தான் மாடு ஓட்டிப் போவார், எரு அடிப்பார், நெல் ஏற்றி வருவார். பாதையில் அவர் காலெடுத்து வைக்கக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டு 2002 கடைசியில் பிராது போட்டோம். 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு வழியை 20 வருஷம் தடையில்லாமல், யாரிடமும் கேட்டு நிற்காமல், உரிமையோடு பயன்படுத்தியவருக்கு அந்த வழியில் போகும் உரிமை சொந்தமாகிவிடும். பெரியவர் 40 வருஷமாக நடந்தவர். அவர் வாயைத் திறந்தால் நாங்கள் தோற்போம். ஆகவே அவர் வாயைத் திறக்காமல் இருப்பதில்தான் எங்கள் வழக்கே இருந்தது.

அவரும் திறக்கவில்லை. தை மாதம் அறுப்பு மும்முரத்தில் அமீனா கொண்டுவந்த சம்மனைக் கைநாட்டுப் போட்டு வாங்கி, கூரை எரவாணத்தில், கருக்கரிவாளுக்குப் பக்கத்தில் செருகி வைத்துவிட்டார். அறுப்பு முடிந்தது, மனைவிக்கு உடம்புக்கு வந்தது, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தார். சித்திரை வெயிலில் அரிவாளை எடுக்கப் போனபோதுதான் காகிதம் கையோடு வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பிடித்து அவர், தாமதத்தைப் பொறுக்கக் கேட்கும் மனுவோடு எதிருரை தாக்கல் செய்தது 97-ஆம் நாள்.

அந்த 7 நாள் ஏன் அவ்வளவு பெரிதாயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். பழைய நாளில் எதிருரைக்கு வாய்தா மேல் வாய்தா வாங்கி வருஷக்கணக்கில் இழுப்பது எங்கள் தொழிலில் சர்வசாதாரணம். அதை ஒழிக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை 1999-இல் திருத்தி, சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிருரை வேண்டும் என்றார்கள். நாடு முழுக்க வக்கீல்கள் எதிர்த்தார்கள். 2002-இல் மறுபடி திருத்தி, காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டலாம், அதற்கு மேற்படக் கூடாது என்று வைத்து, அந்த வருஷம் ஜூலை 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். இழுத்தடிக்கும் பணக்காரப் பிரதிவாதியை மனத்தில் வைத்து முடைந்த வலை அது. அதில் எங்கள் பக்கம் முதலில் விழுந்தவர் இழுத்தடிக்கவே தெரியாத ஒரு மனிதர்.

எதிர்த்தரப்பு வக்கீல் மூத்தவர், படிப்பாளி. விசாரணையன்று அவர் சட்டப் புத்தகத்தோடு ஒரு அகராதியையும் எடுத்து வந்திருந்தார். “என் நண்பர் ஸ்ட்ரிக்ட் ஸ்ட்ரிக்ட் என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாமா?” என்று ஆரம்பித்தார். லத்தீனில் ‘ஸ்ட்ரிங்கெரே’ என்றால் இறுக்கிக் கட்டுவது. ‘ஸ்ட்ரிக்டஸ்’ என்றால் இறுகக் கட்டப்பட்டது. ஜலசந்தியைச் சொல்லும் ‘ஸ்ட்ரெயிட்’டும், இந்த முன்சீப் பதவிக்கு முன்னால் இருக்கிற ‘டிஸ்ட்ரிக்ட்’டும் அதே வேரில் வந்தவை. பிடித்துக் கட்டிப்போடும் அதிகாரம் எதுவரை செல்லுமோ அதுவரைதான் டிஸ்ட்ரிக்ட். ஜப்திக்கு ஆங்கிலச் சட்டம் வைத்த பெயரான ‘டிஸ்ட்ரெஸ்’, துயரம் என்றும் பொருள்படுகிற அதே சொல், அதுவும் அந்த வீட்டுப் பிள்ளைதான். “ஒரே கயிறு, ஐயா. ஒரு நுனியில் கோர்ட்டு இருக்கிறது, இன்னொரு நுனியில் என் கட்சிக்காரர் இருக்கிறார்” என்றார்.

முன்சீப் சிரித்துவிட்டு, தமிழில் என்ன சொல்வீர்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ‘கறார்’ என்றேன். அதற்கும் மூத்தவரிடம் பதில் இருந்தது. கறார் உருதுவிலிருந்து வந்தது, அரபி மூலத்தில் நிலைபெற்றது, முடிவானது என்று பொருள். இரண்டு பேர் பேசி ஒத்துக்கொண்டால்தான் அது கறார், தன் கட்சிக்காரரோடு யார் பேசினார்கள் என்று மடக்கினார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அவர் எங்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கே போய்விட்டார். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய குடவோலை விதிகளை விடக் கறாரான சட்டம் ஏது? கணக்குக் காட்டாத வாரியத்தான் மட்டுமல்ல, அவனுடைய மாமன், அத்தை பிள்ளை, சித்தி பிள்ளை வரை யார் பெயரும் குடத்தில் விழக்கூடாது. அந்தச் சபையே கால் வேலி நிலம் இல்லாதவனுக்கும், அரைக்கால் வேலி இருந்து வேதம் ஒன்றும் பாஷ்யம் ஒன்றும் சொல்லத் தெரிந்தால் இடம் கொடுத்தது. 919-இல் 30 முதல் 60 வரை என்று வைத்த வயதை 921-இல் 35 முதல் 70 என்று மாற்றிக்கொண்டது. கல்லில் வெட்டியவர்களே இரண்டு வருஷத்தில் திருத்தினார்கள் என்றார். அந்தச் சபை வேதம் படித்த பிராமண ஆண்களுக்கு மட்டுமே உரியது என்று குறுக்கே சொல்லிவைத்தேன். வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாதத்தின் ஓட்டத்தைக் கெடுக்கச் சொன்னது. அவர் சொல்லாமல் விட்டது ஒன்று எனக்கு அப்போதே உறைத்தது. அந்தக் கல்வெட்டின் கடுமை கணக்கு வைத்திருக்கிற கையின் மேல் விழுந்தது. நான் கேட்ட கடுமை கைநாட்டின் மேல் விழுந்தது.

உத்தரவு எனக்குச் சாதகம். ‘கூடாது’ என்று சட்டம் சொன்ன பிறகு கோர்ட்டுக்கு வழியில்லை என்று இரண்டே பக்கத்தில் மனுவைத் தள்ளினார்கள். அடுத்த வாரம் கோர்ட்டுக்கு மே மாத விடுமுறை. ஒரு மாதம் எல்லோரும் வீட்டுக்குப் போனோம். அந்த மாதத்தில் யாருடைய கெடு முடிந்தாலும் கோர்ட்டு திறக்கும் நாள் வரை பொறுத்துக்கொள்ளும். திறந்ததும் பிரமாண வாக்குமூலம் போட்டு, நாலு ஆவணம் காட்டி, எதிர்த்தரப்பைக் கேளாமல் தரும் எக்ஸ்பார்ட்டி டிக்ரி வாங்கினோம். உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று மூத்தவர் சொல்லியிருக்கிறார். பெரியவரிடம் சென்னைக்குப் போகும் செலவுக்கே பணம் இல்லை. பாதையில் முள்வேலி விழுந்தது. டிராக்டர் நுழையாத நிலத்துக்கு என்ன விலை கிடைக்கும்? என் கட்சிக்காரர் சொன்ன விலை கிடைத்தது. கிரயப் பத்திரத்தை எழுதியதும் என் ஆபீசில்தான்.

2005 ஏப்ரலில் கைலாஷ் எதிர் நன்கூ வழக்கிலும், ஆகஸ்டு 2-ஆம் தேதி சேலம் வக்கீல்கள் சங்கம் தொடுத்த வழக்கிலும் உச்சநீதிமன்றம் அந்த 90 நாள் விதியைப் பிரித்துப் பார்த்துச் சொல்லிவிட்டது. அது வழிகாட்டும் விதிதான், கோர்ட்டின் கையைக் கட்டிப்போடும் விதி அல்ல. மிகக் கஷ்டமான நிலையில் இருப்பவருக்கு, காரணத்தை எழுதிவைத்து, அதற்குப் பிறகும் எதிருரையை வாங்கிக்கொள்ளலாம். வழக்குத் தொடுத்தது நம் சேலத்துக்காரர்கள் என்று சங்க அறையில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் தீர்ப்பின் நகலை வாங்கிப் படித்துவிட்டு, மூத்தவர் இருந்த மேஜைப் பக்கம் போகாமல் வீட்டுக்கு வந்தேன். (வணிக வழக்குகளில் 2015-க்குப் பிறகு 120 நாள் தாண்டினால் கதவை மூடிவிடுகிறார்கள். அங்கே வருகிறவர்களுக்கு எரவாணம் கிடையாது; எனக்கு அதில் வருத்தமில்லை.)

அதற்கு நாலைந்து வருஷம் கழித்து ஒரு காலை, ஆபீஸ் திண்ணையில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மகன் வாங்கிய கடனுக்கு யாரோ பிராது போட்டிருந்தார்கள். வேறு வக்கீலைப் பார்க்கக் கூடாதா என்று தயக்கத்தோடு கேட்டேன்.

“உங்கள மாதிரி கறாரா இருக்கறவரு வேணும் சார்” என்றார். வேட்டி மடிப்பிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய சம்மனை எடுத்து மேஜையில் வைத்தார்.

“முந்தாநேத்துதான் வந்துது. எண்ணிப் பாத்துக்குங்க.”