பெயர் எழுதிய போர்

“விளையாட்டு வினையாகும்” என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். என் வாழ்விலோ வினை ஒன்று விளையாட்டாக வந்தது. பின்னர் அந்த விளையாட்டே பாடமாகவும் அமைந்தது. வகுப்பறையில் வரலாறு நடத்தும் நான் அந்தப் பாடத்தை எந்தப் பேராசிரியரிடமும் கற்கவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் கற்றேன்.

அப்போது 1984ஆம் ஆண்டு. நான் இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவன். உறவினர் திருமணத்திற்காகச் சென்னை சென்றவன், மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளுக்குள் நுழைந்தேன். மறு ஆண்டே அந்த மார்க்கெட் தீக்கிரையாகும் என்று யார் கண்டார்? அட்டை கிழிந்த சிறு புத்தகம் ஒன்று இரண்டு ரூபாய்க்குக் கிடைத்தது. எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூல். காலத்தைக் கடக்கும் யந்திரத்தைக் கற்பனை செய்த அதே வெல்ஸ்தான்! அவர் 1913இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்துத் தரையில் போர் நடத்துவது எப்படி என்று ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பெருவியப்பாக இருந்தது.

அவருடைய விதிகள் எளியவை. காலாள் ஒரு முறைக்கு ஓரடி தூரம் நகரலாம். குதிரை வீரன் இரண்டடி. ஒவ்வொரு முறைக்கும் கடிகாரம் வைத்து நேரம் குறிக்க வேண்டும். மரத்துண்டைச் சுடும் வில்பொறிப் பீரங்கியால் எதிரியின் பொம்மைகளை வீழ்த்த வேண்டும். புத்தகங்களும் பலகைகளும் குன்றுகள். செடிக் குச்சிகளே காடு. வெல்ஸுக்கு முன்பே இது அரண்மனை ஏறிய விளையாட்டுதான். ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்யப் பிரபு 1812இல் தம் அரசருக்கு ஒரு போர் விளையாட்டு மேசையைச் செய்து காட்டினார். அவர் மகன் அதனை நிலப்படத்தின் மேல் பகடை உருட்டி ஆடும் பயிற்சியாகத் திருத்தி 1824இல் வெளியிட்டார். பிரஷ்யப் படை அதிகாரிகள் அதில் பயின்றனர். மாவீரர் கற்ற கலையை வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் நாங்களும் கற்கப் புறப்பட்டோம்.

ஈயச் சிப்பாய்க்கு நாங்கள் எங்கே போவது? கொலு பொம்மை செய்யும் குயவர் தாத்தாவிடம் கெஞ்சினோம். இரண்டு விரல் உயரத்தில் நூற்றிருபது மண் சிப்பாய்கள் பிறந்தனர். தென்னை ஈர்க்கு துப்பாக்கியாயிற்று. ஒரு படைக்குக் காவி பூசினோம். மறுபடைக்குச் சலவை நீலம். வில்பொறிப் பீரங்கி இல்லாத குறையைப் பாட்டியின் தாயக்கட்டை தீர்த்தது. விழுந்த புள்ளிக்கு அத்தனை சிப்பாய் மடிவர். புள்ளியில்லாத முகம் விழுந்தால் மருந்து நனைந்துவிட்டது என்று பொருள். கோடை விடுமுறை முழுவதும் நானும் தம்பியும் திண்ணையை விட்டு இறங்கவில்லை.

எங்கள் முதற்போர் வேறு எதுவாக இருக்க முடியும்? வந்தவாசிப் போரேதான். 1760ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதிய களம் எங்கள் ஊருக்குப் பக்கம். ஐரோப்பாவில் 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரின் பொறி ஒன்று இங்கே வந்து விழுந்ததே அப்போர். பிரெஞ்சுக்காரரின் வெடிமருந்து வண்டி ஒன்று குண்டுபட்டு வெடித்தது, புஸ்ஸி சிறைப்பட்டார், பிரெஞ்சுக் கனவு கலைந்தது. நான் லாலியின் பக்கம் நின்று வரலாற்றைத் திருத்தி எழுதினேன். மூன்றாம் நாள் மாலை தம்பியின் கூட் தோற்று ஓடினார். நான் வெற்றி முழக்கமிட்டேன்.

என் தாய்மாமா திண்ணை ஓரத்தில் அமர்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இராணுவத்தில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவர். 1971ஆம் ஆண்டுப் போரில் மேற்கு எல்லையில் நின்றவர். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று கேட்டார்.

“ஏம்பா மாப்ளே, விழுந்தவங்களை எங்கே போட்டே?”

“அந்தத் தாம்பாளத்துல மாமா. முப்பத்தாறு பேர்.”

“அவங்க பேர் என்ன?”

நான் சிரித்தேன். பொம்மைக்கு ஏது பெயர்? மாமா சிரிக்கவில்லை.

“லாலி பேர் தெரியுது, கூட் பேர் தெரியுது. ரெண்டு பக்கமும் நம்ம ஊர்ச் சிப்பாயும்தானே நின்னிருப்பான்? அவன் பேர் உன் புஸ்தகத்துல இருக்கா?”

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு இரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் பாடநூலைப் புரட்டிப் பார்த்தேன். தளபதிகள் இருந்தனர், எண்ணிக்கை இருந்தது, பெயர்கள் இல்லை. உண்மையில் மாண்டவர்களை வைத்து ஆடியது தவறு என்று என் மனம் உறுத்தியது. தம்பிக்கோ விளையாட்டை விட மனமில்லை. “நடக்காத போரை ஆடலாம் அண்ணா. இல்லாத நாட்டுக்காரன் செத்தா யாருக்கும் வலிக்காது” என்றான்.

அப்படித்தான் எங்கள் நாடுகள் தோன்றின. பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெர்மன் நிலத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட சிற்றரசுகள் இருந்தன. அந்தக் கூட்டத்தில் இன்னும் இரண்டை நுழைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? காலையில் புட்டு தின்ற தம்பி தன் நாட்டுக்குப் ‘புட்டன்பர்க்’ என்று பெயரிட்டான். என் நாடு ‘காப்பிஸ்டைன்’. இரண்டுக்கும் கொடி வரைந்தோம். அரசர், அமைச்சர், கஜானா, உப்பு வரி எல்லாம் வகுத்தோம். மாமாவின் கேள்விக்கு விடையாக ஒரு நீள நோட்டு வாங்கி, ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு வரி ஒதுக்கினோம். ஜெர்மன் பெயர் பத்தோடு தீர்ந்துவிட்டது. ஆகவே ஏழுமலையும் முனுசாமியும் கன்னியப்பனும் நீலக் கோட்டு அணிந்து காப்பிஸ்டைன் அரசருக்குப் பணியாற்றினர்! ஒரு விதியும் செய்தோம்: போர் முடிந்ததும், மடிந்த ஒவ்வொருவனுடைய வீட்டுக்கும் அவன் தளபதி தன் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

இங்கேதான் விந்தை நிகழ்ந்தது. முன்பு ஒரே நாளில் இரண்டு போர் நடத்திய நாங்கள், இப்போது வாரத்துக்கு ஒன்று நடத்தவே தயங்கினோம். கடிதம் எழுதக் கை வலித்தது மட்டும் காரணமன்று. தண்டோராச் சிறுவன் ஏழுமலை ஏழு போர்களில் பிழைத்தவன். அவன் நின்ற பாலத்தைத் தாக்க என் தம்பிக்கே மனம் வரவில்லை. தூதன் அனுப்பினான். உப்பு வரியில் பாதி விட்டுக் கொடுத்து உடன்படிக்கை செய்தோம். இல்லாத நாட்டுக்காரன் செத்தாலும் வலிக்கத்தான் செய்தது!

இப்படி நாடுகளைப் புனைந்தவர்கள் நாங்கள் மட்டுமல்லர் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். 1826இல் இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் தம் மகனுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். அவர் பிள்ளைகள் நால்வரும் ஆளுக்கொன்றை எடுத்துப் பெயர் சூட்டினர். அவற்றிலிருந்தே ஆங்க்ரியா, கொண்டால் என்னும் கற்பனை நாடுகள் வளர்ந்தன. அப்பிள்ளைகளே புகழ்பெற்ற பிராண்டி சகோதரியரும் அவர்தம் சகோதரனும். இரண்டாம் உலகப் போரில் கமாண்டோ வீரராகப் போரிட்ட பிரிகேடியர் பீட்டர் யங், லாஃபர்டு என்பவருடன் சேர்ந்து 1967இல் ‘சார்ஜ்’ என்னும் விளையாட்டு நூலை எழுதினார். சார்லஸ் கிராண்ட் 1971இல் எழுதிய ‘தி வார் கேம்’ நூலும் புனைந்த நாடுகளின் பதினெட்டாம் நூற்றாண்டுப் படைகளைக் கொண்டதே.

ஏன் அந்த நூற்றாண்டு? வண்ண உடுப்பு ஒரு காரணம். நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறையே சுடும் துப்பாக்கி, நூறு கெஜத்துக்கு அப்பால் குறி தவறும். எனவே வீரர்கள் தோளோடு தோள் வரிசையாக நின்றனர். மேசைமேல் வைக்க அதைவிட அழகான காட்சி வேறில்லை. ஆனால் அந்த அழகுக்கு ஒரு விலை இருந்தது. அமெரிக்க விடுதலைப் போருக்கு ஹெஸ்ஸ-காஸல் முதலிய ஜெர்மன் சிற்றரசர்கள் சுமார் 30,000 வீரர்களைப் பிரிட்டனுக்கு வாடகைக்கு விட்டனர். அவர்களில் 17,000 பேர் அளவிலேயே ஊர் திரும்பினர். எஞ்சியோரில் சிலர் அந்நாட்டிலேயே தங்கினர், மற்றவர் மண்ணாயினர். அந்த அரசர்களின் கையில் நீள நோட்டு இருந்திருந்தால்!

வெல்ஸும் தம் நூலின் முடிவில், சிறு போரை ஆடிப் பார்த்தவனுக்குப் பெரும் போர் எத்தனை மூடத்தனம் என்பது விளங்கும் என்னும் கருத்தையே சொல்கிறார். நூல் வந்த மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. அரசர்கள் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை போலும்.

மாமா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின் பரணைச் சுத்தம் செய்தபோது அந்த நீள நோட்டு அகப்பட்டது. ஏழுமலையின் பெயரைத் தேடிப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், எங்கள் எழுத்தல்லாத ஓர் எழுத்தில் ஐந்து பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஊர்ப்பெயரும், 1971 டிசம்பர் மாதத்துத் தேதி ஒன்றும் இருந்தன. எங்கள் காப்பிஸ்டைன் வீரர்களுக்கு அடியில், தம் தோழர்களை அவர் என்று கொண்டுவந்து சேர்த்தாரோ, அறியேன். நானும் தம்பியும் அதைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தோம்.

இன்று ஏழாண்டுப் போர் பாடம் நடத்தும்போது, மடிந்தவர் எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒரு கணம் நிற்கிறேன். மாணவர்கள் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்கிறேன்: “அவர்கள் பெயர் என்ன?” விடை இல்லைதான். ஆயினும் அந்தக் கேள்வியைக் கேளாமல் வரலாறு படிப்பது, தாம்பாளத்தில் பொம்மைகளை எண்ணுவதற்கு ஒப்பாகும்.