பறை கேட்டா யாரு செத்தான்னு கேக்குறீங்களா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் டூட்டி பார்த்தவன் நான். போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு பாடி ஊர் போய்ச் சேர்ந்ததும் பறை அடிப்பாங்க. உங்களுக்கும் பறைன்னா சாவு வீடுதானே ஞாபகம் வரும்?

அந்தப் பறையையும் சென்னை கானாவையும் கிட்டாரோட 2018 ஜனவரியில சென்னை மேடை ஏத்தினாங்க. பா.ரஞ்சித்தும் தென்மாவும் சேர்த்த 19 பேர், அதுல ஒரே பெண் இசைவாணி. பேரு 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. அயோத்திதாச பண்டிதரோட 'சாதியற்ற தமிழர்'ங்கிற சொல்லுல இருந்து எடுத்தது. எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க, பாதிப் பேருக்குத் தெரியாது.

இடஒதுக்கீட்டைப் பத்தி 'கோட்டா'ன்னு ஒரு பாட்டு இருக்கு அவங்களுக்கு. "இவரு கோட்டா டாக்டரா?"ன்னு என் காதுபடவே ஒரு அட்டெண்டர் கேட்டாரு. பதில் பேசாம தையல் போட்டு முடிச்சேன். அன்னிக்கு நைட் டூட்டி ரூம்ல அந்தப் பாட்டை மூணு தடவை போட்டேன்.

சிஸ்டர் எட்டிப் பார்த்து, "சார், கொஞ்சம் சத்தமா வைங்க"ன்னாங்க.