ஒரே வழி, ஒரே வண்டி

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், ஆனி மாதக் காலை. மேற்கே மலையைக் காணவில்லை, மேகம் மூடியிருக்கிறது. இந்தப் பக்கம் வெயில் அடிக்கும்போதே சாரலும் விழுகிறது. சென்னையிலிருந்து பொதிகை ரயில் வந்து சேர்ந்த நேரம். தோளில் பையும் கண்ணில் தூக்கமுமாக வெளியூர்க்காரர்கள் சாலைக்கு வருகிறார்கள்.

"குத்தாலம், குத்தாலம்! ஏறுங்க, கிளம்பப் போகுது!"

பின்னால் எதிரெதிராக இருக்கை போட்ட பெரிய ஆட்டோ. முதலில் ஏறியவர் ஒரு பூக்கார அம்மா. குற்றாலநாதர் கோயில் வாசலில் கடை. கூடையை ஈரத் துணியால் மூடி மடியில் வைத்திருக்கிறார். எதிரே ஒரு கல்லூரி மாணவி. மகளிருக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் 2021 முதல் ஓடுகிறது. அதற்காகத்தான் அவள் இத்தனை நேரம் நின்றாள். வந்த பஸ்ஸில் படிக்கட்டு வரை அருவி சீசன் கூட்டம். முதல் வகுப்பு தவறிவிடும் என்று இதில் ஏறிவிட்டாள்.

அடுத்து ரயிலில் வந்த குடும்பம்: அப்பா, அம்மா, நான்கைந்து வயதுப் பையன். கடைசியாக ஒரு பெரியவர். தோளில் துண்டு, கையில் சின்னப் பாட்டிலில் நல்லெண்ணெய். குளிக்கப் போகிற உள்ளூர்க்காரர் என்று பார்த்ததும் தெரிகிறது.

"யம்மா, கூடைய இங்கிட்டு வைங்க. தம்பி உக்காரட்டும்."

கூடை நகர்கிறது. மாணவி பையை மடிக்கு மாற்றுகிறாள். முன்பின் அறியாதவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுங்க, பையனுக்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. வண்டி கிளம்புகிறது.

"தண்ணி எப்படிங்க விழுது?" அப்பா கேட்கிறார்.

"நேத்து சாயங்காலம் மெயின் அருவியில ஆர்ச்சத் தாண்டி விழுந்துச்சு. குளிக்க விடல. காலைல விட்டுட்டாவ" என்கிறார் ஓட்டுநர்.

பெரியவர் பையனைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "புள்ளைய வச்சிருக்கிய. தண்ணி கலங்கி வந்துச்சுன்னா ஒரு நிமிசம் நிக்காதிய. போலீஸ் விசில் ஊதட்டும்னு பாக்காதிய. வெளிய வந்துருங்க."

அம்மாவின் கை பையனின் தோளை இறுக்குகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் ஒரு பள்ளி மாணவனின் உயிரைக் கொண்டுபோனது. மேலே காட்டுக்குள் பெய்யும் மழை கீழே குளிப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அதை உள்ளூர்க்காரர் வாயால் கேட்கிற வாய்ப்பு, சொந்தக் காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வருகிறவருக்குக் கிடைப்பதில்லை.

மேலகரம் பக்கம் வண்டி ஊர்கிறது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் 5 கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் சீசன் நாளில் முன்னும் பின்னும் கார்களே நிற்கின்றன. பல கார்களில் இரண்டு பேர், மூன்று பேர். அதே சாலையில் இந்த ஆட்டோ ஆறு பேரையும் ஒரு பூக்கூடையையும் சுமந்து போகிறது.

வழியில் ஒரு கூட்டம் கைகாட்டுகிறது. நாலைந்து இளைஞர்கள்.

"அண்ணாச்சி, ஐந்தருவிக்கு முழு வண்டியா வேணும். கேக்குறதத் தாரோம்!"

ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். சீசனில் இரண்டு மூன்று மாதம் சம்பாதிப்பதை வைத்து ஆண்டு முழுவதும் ஓட்ட வேண்டிய குடும்பம் அவருடையது. கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்க்கிறார். பூக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கூடையின் பிடியை மட்டும் இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

"ஆள் இருக்கு தம்பி. எறக்கி விட்டுட்டு வாரேன்."

வண்டி நகர்கிறது. மாணவி பராசக்தி கல்லூரிக்கு இறங்குகிறாள். காலியான இடத்தில் ரம்புட்டான் கூடையோடு ஒரு பழ வியாபாரி ஏறுகிறார். பெரியவர் அவருக்கும் ஒதுங்கி உட்காருகிறார்.

ஓட்டுநரின் கண் எப்போதும் அடுத்த திருப்பத்தைத் தேடுகிறது. போலீஸ் நிற்கிறதா என்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஆட்டோ போன்ற ஒப்பந்த ஊர்தியை முழுதாகப் பேசித்தான் அமர்த்த வேண்டும். வழியில் ஆள் ஏற்றவோ இறக்கவோ கூடாது. பூக்கார அம்மாவால் முழு ஆட்டோ பேச முடியாது; பேருந்திலோ கூடையோடு ஏற இடமில்லை. இரண்டுக்கும் நடுவில் இந்த வண்டி ஓடுகிறது, அபராத பயத்தோடு.

தென்காசி தனி மாவட்டமாகி 2019 நவம்பர் 22 முதல் ஆட்சியர் அலுவலகம் இங்கேயே இருக்கிறது. இந்த வண்டிகளை முறைப்படுத்தத் திருநெல்வேலிக்கு ஓட வேண்டியதில்லை. சீசன் மாதங்களுக்காவது பஸ் ஸ்டாண்டுப் பக்கமும் அருவிக்கரையிலும் ஷேர் ஆட்டோவுக்கு ஓர் இடம், எல்லாரும் படிக்கும்படி ஒரு கட்டணப் பலகை, இத்தனை பேர்தான் ஏற்றலாம் என்ற வரம்பு, அதற்கு முறையான அனுமதி. இவ்வளவு செய்தால் ஓட்டுநருக்குப் பயம் போகும், பயணிக்குப் பேரம் போகும்.

குற்றாலம் வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காரைத் தென்காசியிலேயே நிறுத்திவிட்டு டவுன் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ ஏறுங்கள். முழு ஆட்டோ பேசித்தான் ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை இறக்கச் சொல்லிப் பணத்தைக் காட்டாதீர்கள். அருவிக்கு நீங்கள் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறீர்கள். அந்தப் பூக்கார அம்மா நாளைக் காலையிலும் கோயில் வாசலில் கடை போட்டாக வேண்டும்.